ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதுவது எப்படி: ஒரு ரீஃபண்ட் டூலை வைத்துப் படிப்படியாக

ஏஜென்ட் (மொழி மாடலை வைத்துத் தானே வேலைகளைச் செய்யும் நிரல்) கட்டத் தொடங்கும் எவரும் சீக்கிரமே மூன்று கோளாறுகளைப் பார்ப்பார்கள். ஏஜென்ட் தவறான டூலை, அதாவது மாடல் பயன்படுத்த நாம் தரும் ஃபங்ஷனை, அழைக்கும். அல்லது சரியான டூலைத் தவறான மதிப்போடு அழைக்கும். அல்லது டூலை அழைக்காமலே பதிலை இட்டுக்கட்டிச் சொல்லும். உடனே பலரும் பெரிய மாடலுக்கு மாறுகிறார்கள், சிஸ்டம் பிராம்ப்டில் (மாடலுக்கு முன்கூட்டியே தரும் அறிவுறுத்தலில்) ‘கட்டாயம்’, ‘ஒருபோதும் கூடாது’ என்று வரிமேல் வரி சேர்க்கிறார்கள். அதற்கு முன் திறந்து பார்க்க வேண்டியது டூலின் விளக்கத்தை. அங்கே ஒற்றை வரிதான் இருக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஓர் ஆன்லைன் கடையின் வாடிக்கையாளர் சேவைக்காக ஏஜென்ட் கட்டுகிறீர்கள். அதில் பணம் திருப்பித் தரும் டூல் ஒன்று உண்டு. உள்ளே அது ரேசர்பே என்ற கட்டணச் சேவையின் ரீஃபண்ட் ஏபிஐயை (ஒரு நிரல் இன்னொன்றோடு பேசும் வழியை) அழைக்கிறது. இந்த ஏபிஐ நன்றாக ஆவணப்படுத்தப்பட்டது. ஆனால் மாடல் இடறி விழக்கூடிய நான்கைந்து இடங்கள் அதில் இயல்பாகவே இருக்கின்றன. போவதும் வருவதும் பணம் என்பதால் தவறுக்கு விலையும் உண்டு.

டூல் பெயர்களையும் பாராமீட்டர் (டூலுக்குத் தரும் உள்ளீடு) பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். உங்கள் நிரலில் அவை ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு இவற்றால் மட்டுமே அமைய வேண்டும். 64 எழுத்துக்குள் அடக்கினால் எந்த ஏபிஐயிலும் சிக்கல் வராது.

மாடலின் கண்ணுக்கு எது தெரிகிறது

ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் ஃபங்ஷன் காலிங் வசதியை வெளியிட்டது. கிளாட் மாடலை உருவாக்கும் ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், அதாவது எம்சிபி, என்ற திறந்த நெறிமுறையை அறிவித்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு டூலைப் பற்றி மாடலுக்குப் போவது முக்கியமாக மூன்று செய்திகள்: பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா. ஸ்கீமா என்பது ஜேசன் ஸ்கீமா (தரவின் அமைப்பை விவரிக்கும் பொது முறை) வடிவில் எழுதிய பாராமீட்டர் பட்டியல். இவற்றைப் படித்துவிட்டு மாடல் ‘இந்தப் பெயருள்ள டூலை இந்த மதிப்புகளோடு அழை’ என்று எழுதித் தருகிறது. உண்மையில் அழைப்பது உங்கள் நிரல்.

உங்கள் ஃபங்ஷனுக்குள் என்ன எழுதியிருக்கிறது, டேட்டாபேஸ் எப்படி அமைந்திருக்கிறது, உங்கள் குழுவில் ‘ஆர்டர் எண்’ என்றால் எதைச் சொல்கிறீர்கள், இவை எதுவும் மாடலுக்குத் தெரியாது. தெரியாத இடத்தை அது ஊகத்தால் நிரப்பும். அந்த ஊகம் பல முறை சரியாக அமைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. டெமோவில் ஒழுங்காக ஓடி, கடை திறந்த பிறகு உடையும்.

விளக்கங்கள் ஒவ்வொரு கோரிக்கையோடும் சேர்ந்தே போகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். 30 டூல்களுக்குத் தலா 300 டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) என்றால், வாடிக்கையாளர் ‘வணக்கம்’ சொல்வதற்குள் 9,000 டோக்கன் செலவாகியிருக்கும். பிராம்ப்ட் கேஷிங் (முன்பு அனுப்பிய பகுதியைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) இருந்தால் செலவு குறையும். ஆனால் விளக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பின்னால் உள்ள கேஷ் பயனற்றுப் போகும். இன்றைய தேதி, வாடிக்கையாளர் பெயர் போன்ற மாறும் செய்திகளை விளக்கத்துக்குள் நுழைக்காதீர்கள்.

படி 1: எழுதுவதற்கு முன் நிரலைப் படியுங்கள்

விளக்கத்தை நினைவிலிருந்து எழுதக் கூடாது. ஃபங்ஷனையும் ஏபிஐ ஆவணத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றுக்கு விடை குறியுங்கள்.

1. இந்த டூல் வெளியே எதையாவது மாற்றுகிறதா, படிப்பதோடு சரியா? மாற்றினால் திரும்பப் பெற முடியுமா?
2. எண்கள் எந்த அலகில்? ரூபாயா பைசாவா, கிலோவா கிராமா, நொடியா மில்லிநொடியா?
3. ஒவ்வொரு ஐடியும் எங்கிருந்து வருகிறது, பார்த்தால் எப்படி இருக்கும்?
4. விருப்பப் பாராமீட்டரை விட்டுவிட்டால் உண்மையில் என்ன நடக்கிறது?
5. எதுவும் கிடைக்காவிட்டால் எது திரும்பி வருகிறது: காலிப் பட்டியலா, பிழையா?
6. ஒரே அழைப்பு இருமுறை போனால் என்ன ஆகும்?

நமது ரீஃபண்ட் டூலுக்கு விடைகள் இப்படி அமைகின்றன. தொகை பைசாவில் போக வேண்டும். 299 ரூபாய் என்றால் 29900. குறைந்தபட்சத் தொகை 100 பைசா, அதாவது 1 ரூபாய். ஐடியாகக் கேட்பது பேமென்ட் ஐடியை. அது ‘பே’ என்ற முன்னொட்டும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும். அதே ரேசர்பேயில் ‘ஆர்டர்’ என்ற முன்னொட்டோடு ஆர்டர் ஐடி வேறு உண்டு. உங்கள் கடையின் சொந்த ஆர்டர் எண் மூன்றாவது. வாடிக்கையாளர் கையில் இருப்பது அநேகமாக அந்த மூன்றாவது மட்டும்தான்.

நான்காவது கேள்விக்கான விடைதான் மிக முக்கியம். தொகையைக் குறிப்பிடாமல் அழைத்தால் முழுத் தொகையும் ரீஃபண்ட் ஆகிவிடும். ஏபிஐயைப் பொறுத்தவரை இது வசதி. தொகை பற்றிச் சந்தேகம் வந்தால் பாராமீட்டரை விட்டுவிடும் பழக்கமுள்ள மாடலுக்கு இது குழி. மூன்று பொருள் வாங்கி ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பியவருக்கு மூன்றுக்கும் பணம் போய்விடும்.

படி 2: பெயர்

பெயரில் ஒரு வினையும் ஒரு பொருளும் போதும்: ‘கிரியேட்_ரீஃபண்ட்’, ‘கெட்_ஆர்டர்’, ‘லிஸ்ட்_பேமென்ட்ஸ்’. ‘ஹேண்டில்_ரீஃபண்ட்’, ‘புராசஸ்_டேட்டா’ போன்ற பெயர்கள் எதையும் சொல்வதில்லை. ரீஃபண்டைத் தொடங்குகிறதா, அதன் நிலையைப் பார்க்கிறதா என்றே தெரியாது. குழுவுக்குள் மட்டும் புழங்கும் சுருக்கெழுத்துகளையும் பழைய புராஜெக்ட் பெயர்களையும் தவிருங்கள். பல சர்வர்களிலிருந்து (டூல்களை வழங்கும் எம்சிபி நிரல்களிலிருந்து) டூல்கள் வந்தால் முன்னொட்டு சேருங்கள். இரண்டு சர்வரிலும் ‘சர்ச்’ என்று ஒன்று இருந்தால் மாடல் தடுமாறும்.

படி 3: விளக்கத்தை எழுதுதல்

பெரும்பாலான ரெப்போக்களில் (நிரல் கிடங்குகளில்) இப்படித்தான் கிடக்கும்:

*பேமென்ட்டுக்கு ரீஃபண்ட் உருவாக்கும்.*

பெயரே இதைச் சொல்லிவிட்டது. புதிதாக ஒரு செய்தியும் இல்லை. ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாக்கியமாவது எழுதுங்கள் என்று ஆந்த்ரோபிக்கின் ஆவணம் சொல்கிறது. எண்ணிக்கையை விட உள்ளடக்கம்தான் முக்கியம் என்றாலும், மூன்று வாக்கியத்துக்குக் கீழே போனால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும் என்பது எங்கள் கணிப்பும்கூட. அதே டூலைத் திருத்தி எழுதினால்:

*ஏற்கெனவே வசூலான ஒரு பேமென்ட்டுக்கு, முழுவதுமாகவோ பகுதியாகவோ, வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பி அனுப்பும். இது உண்மைப் பணத்தை நகர்த்தும். அனுப்பியபின் ரத்து செய்ய முடியாது. வாடிக்கையாளர் தெளிவாக ரீஃபண்ட் கேட்டு, தொகையை ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் பயன்படுத்து. ரீஃபண்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க இதை அழைக்காதே. அதற்கு ‘கெட்_ரீஃபண்ட்’ உண்டு. இன்னும் அனுப்பப்படாத ஆர்டரை நிறுத்த இதை அழைக்காதே. ‘கேன்சல்_ஆர்டர்’ அழைத்தால் பணமும் தானாகத் திரும்பும். பேமென்ட் ஐடி தெரியாவிட்டால் முதலில் ‘கெட்_ஆர்டர்’ அழைத்து அதன் பதிலில் உள்ள பேமென்ட் ஐடியை எடு, ஊகித்து எழுதாதே. வெற்றி என்றால் ரீஃபண்ட் ஐடியும் நிலையும் திரும்பி வரும். ‘காத்திருப்பு’ என்ற நிலை தோல்வி அல்ல, மறுபடி அழைக்காதே. சாதாரண ரீஃபண்ட் வாடிக்கையாளர் கணக்கில் சேர 5 முதல் 7 வேலை நாட்கள் ஆகும்.*

நீளம்தான். ஆனால் இதில் வீணான வாக்கியம் எது என்று தேடிப் பாருங்கள். முதல் வாக்கியம் என்ன செய்கிறது என்கிறது. ‘வசூலான’ என்ற ஒரு சொல் முன்நிபந்தனையைச் சொல்லிவிடுகிறது. அடுத்து பின்விளைவு, அழைக்க வேண்டிய தருணம், அழைக்கக் கூடாத தருணம். அதன்பின், தேவையான ஐடி எங்கே கிடைக்கும் என்ற வழி. கடைசியில் பதிலை எப்படிப் படிப்பது, வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது.

புதியவர்கள் விடுவது ‘எப்போது அழைக்கக் கூடாது’ என்ற பகுதியைத்தான். தங்கள் டூலைத் தனியாகப் பார்த்து எழுதுகிறார்கள். மாடலோ எல்லா டூல்களையும் ஒருசேரப் பார்க்கிறது. ‘என் பணம் எப்போ வரும்?’ என்று ஒருவர் கேட்டால், அது புதிய ரீஃபண்டுக்கான வேண்டுகோளா, முந்தைய ரீஃபண்டின் நிலை பற்றிய கேள்வியா? மறுப்பு வாக்கியம் எழுதும்போது மாற்று டூலின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். ‘இதற்குப் பயன்படுத்தாதே’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், வேறு வழி தெரியாத மாடல் அதையே அழைத்துவிடுகிறது.

‘மிக முக்கியம்’, ‘சக்திவாய்ந்த’, ‘எளிதில்’ போன்ற சொற்களை வெட்டிவிடுங்கள். பெரிய எழுத்தில் எச்சரிப்பதும் அப்படியே. ஒரு டூலில் அலறினால் மாடல் அந்த டூலைத் தேவையான இடத்திலும் அழைக்கத் தயங்கும். எல்லா டூலிலும் அலறினால் எதற்கும் எடை இல்லாமல் போகும். எச்சரிக்கைக்குப் பதில் காரணத்தை எழுதுங்கள். ‘ரத்து செய்ய முடியாது’ என்பது காரணம். அதிலிருந்து மாடல் தானே கவனத்தைக் கூட்டிக்கொள்ளும்.

எந்த மொழியில் எழுதுவது? இங்கே தமிழில் காட்டியிருந்தாலும், நடைமுறையில் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுவதே சிக்கனம். இன்றைய டோக்கனைசர்கள் பெரும்பாலும் ஒரே செய்திக்குத் தமிழில் ஆங்கிலத்தை விட அதிக டோக்கன் எடுத்துக்கொள்கின்றன. டூல் விளக்கம் ஒவ்வொரு முறையும் போவதால் அது சேர்ந்துகொண்டே போகும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் தமிழில் தட்டச்சு செய்பவர்கள் என்றால், எந்தச் சொல் எந்த டூலுக்குப் போக வேண்டும் என்பதைத் தமிழ்ச் சொல்லாகவே விளக்கத்தில் வையுங்கள். ‘ரிட்டர்ன் போடணும்’ என்பது பொருளைத் திருப்பி அனுப்புவது, ‘காசு திரும்ப வேணும்’ என்பது ரீஃபண்ட், ‘மாத்திக் குடுங்க’ என்பது எக்ஸ்சேஞ்ச். இந்த மூன்றும் உங்கள் கடையில் மூன்று வெவ்வேறு டூல்களாக இருக்கலாம்.

படி 4: பாராமீட்டர்கள்

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஸ்கீமாவில் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் தனி விளக்கம் எழுத இடம் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள்.

*தொகை.* ‘தொகை’ என்று மட்டும் பெயர் வைத்தால் மாடல் 299 என்று அனுப்பும், ரேசர்பே அதை 2 ரூபாய் 99 பைசாவாக எடுத்துக்கொள்ளும். பிழை எதுவும் வராது, வாடிக்கையாளர்தான் கூப்பிடுவார். இதைச் சரிசெய்ய இரு வழி. ஒன்று, பெயரிலேயே அலகைச் சேர்ப்பது: ‘அமவுன்ட்_பைசா’. மற்றது, மாடலிடம் ரூபாயில் வாங்கி உங்கள் நிரலில் பைசாவாக மாற்றுவது: ‘அமவுன்ட்_ரூபாய்’. எங்கள் பரிந்துரை இரண்டாவது. வாடிக்கையாளர் பேசுவது ரூபாயில்; கணக்கை நிரல் போட்டால் அது தவறாது. மாற்றும்போது சாதாரணத் தசம எண்ணால் (ஃபுளோட் வகையால்) பெருக்காதீர்கள். பைத்தானில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும், அதை முழு எண்ணாக வெட்டினால் ஒரு பைசா குறையும். துல்லியமாகக் கணக்கிடும் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள்.

*முழு ரீஃபண்ட் பொறி.* ‘தொகையை விட்டால் முழு ரீஃபண்ட்’ என்ற நடத்தையை விளக்கத்தில் எழுதிவைத்தால் போதாது, ஸ்கீமாவையே மாற்றுங்கள். ‘ரீஃபண்ட்_டைப்’ என்று கட்டாயப் பாராமீட்டர் ஒன்றைச் சேர்த்து, ‘ஃபுல்’, ‘பார்ஷியல்’ என்ற இரண்டு மதிப்பை மட்டும் ஈனம் (அனுமதித்த மதிப்புகளை மட்டும் ஏற்கும்) பட்டியலாகக் கொடுங்கள். ‘பார்ஷியல்’ என்று சொல்லிவிட்டுத் தொகை தராவிட்டால் நிரல் மறுக்கட்டும். இப்போது முழு ரீஃபண்ட் என்பது மாடல் வாய்விட்டுச் சொன்னால் மட்டுமே நடக்கும். மாடலை ஸ்கீமாவை அப்படியே பின்பற்ற வைக்கும் ஓப்பன்ஏஐயின் ஸ்ட்ரிக்ட் முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் அவசியம். அதில் எல்லாப் பாராமீட்டரும் கட்டாயப் பட்டியலில் இருக்க வேண்டும். விருப்பமானது என்பதைக் காட்ட ‘நல்’ (மதிப்பு இல்லை என்ற குறி) மதிப்பை அனுமதிக்க வேண்டும். அந்த ‘நல்’ உங்கள் நிரலில் ‘தொகை இல்லை’ என்று வாசிக்கப்பட்டு முழு ரீஃபண்டாகப் போய்விடக் கூடாது.

*ஐடி.* ‘பேமென்ட் ஐடி’ என்று எழுதி நிறுத்தாமல், வடிவம், மூலம், எதோடு குழப்பக் கூடாது என்ற மூன்றையும் எழுதுங்கள்: ‘பே முன்னொட்டோடு தொடங்கும் ரேசர்பே பேமென்ட் ஐடி, கெட்_ஆர்டர் பதிலில் கிடைக்கும், கடையின் ஆர்டர் எண் அல்ல’. கூடவே ஸ்கீமாவில் ‘பேட்டர்ன்’ (எழுத்து வடிவ விதி) கொடுத்து முன்னொட்டைச் சரிபாருங்கள். பேட்டர்ன் இருந்துவிட்டால் விளக்கம் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். வடிவம் மட்டும் தெரிந்த மாடல், அந்த வடிவத்துக்குப் பொருந்தும் போலி ஐடியை அழகாகத் தயாரித்துத் தரும்.

*தேதி.* ‘03/04/2025’ மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? இந்தியாவில் ஏப்ரல் 3. மாடல் படித்த எழுத்தில் அமெரிக்க முறையும் ஏராளம். ஐஎஸ்ஓ 8601 (ஆண்டு-மாதம்-நாள்) வடிவத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், விளக்கத்தில் ‘2025-04-03’ என்று உதாரணம் கொடுங்கள். அடுத்து நேர மண்டலம். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது என்றால், இந்திய நேரம் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை வந்த ஆர்டர்கள் அனைத்தும் முந்தைய நாள் கணக்கில் போய் உட்காரும். ‘தேதிகள் இந்திய நேரப்படி, தொடக்க நாளும் முடிவு நாளும் உட்பட’ என்று ஒரு வரி எழுதி, நிரலும் அப்படியே நடக்கிறதா என்று பாருங்கள். ‘முந்தாநாள் போட்ட ஆர்டர்’ என்பதைத் தேதியாக மாற்ற மாடலுக்கு இன்றைய தேதி வேண்டும். அது மாடலுக்குத் தானாகத் தெரியாது. உரையாடலின் ஓரிடத்தில் நீங்கள் தர வேண்டும்.

*பெயர் தேடல்.* டேட்டாபேஸில் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருக்க, வாடிக்கையாளர் ‘செந்தில்’ என்று தமிழில் எழுதினால், மாடல் தமிழிலேயே தேடி ‘ஆள் இல்லை’ என்று சொல்லிவிடும். எந்த எழுத்தில் தேட வேண்டும், பகுதிப் பெயர் பொருந்துமா, இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதை எழுதுங்கள். முடிந்தால் பெயரால் தேடுவதையே விட்டுவிட்டு அலைபேசி எண்ணால் தேட வையுங்கள். அப்போதும் ‘10 இலக்கம், +91 இல்லாமல், இடைவெளி இல்லாமல்’ என்று எழுத வேண்டும்.

*ஸ்பீடு.* ரேசர்பேயில் ரீஃபண்ட் வேகத்துக்கு ‘நார்மல்’, ‘ஆப்டிமம்’ என்று இரண்டு மதிப்பு. இரண்டாவது உடனடி ரீஃபண்டை முயலும், முடியாவிட்டால் சாதாரண வழியில் போகும். உடனடி வழிக்குக் கட்டணம் உண்டு. வெறும் ஈனமாகக் கொடுத்தால், நல்லது செய்யும் நோக்கில் மாடல் எப்போதும் ‘ஆப்டிமம்’ என்றே தேர்ந்தெடுக்கும். பெயரே அப்படிக் கூப்பிடுகிறது. ஈனத்தின் ஒவ்வொரு மதிப்புக்கும் பொருளும் எப்போது எதை என்பதும் எழுதுங்கள். கடையின் கொள்கை எப்போதும் நார்மல்தான் என்றால் அந்தப் பாராமீட்டரை மாடலுக்குக் காட்டவே வேண்டாம். நிரலுக்குள் நிலையாக வைத்துவிடுங்கள். மாடல் தீர்மானிக்கத் தேவையில்லாத எதையும் ஸ்கீமாவிலிருந்து நீக்குவது நல்ல பழக்கம். யார் லாகின் செய்திருக்கிறார் என்ற வாடிக்கையாளர் ஐடியும் இதில் சேரும். அதை மாடலிடம் கேட்டால் வேறொருவர் ஐடியை யாராவது பேச்சில் நுழைத்துவிட முடியும்.

தவறு நிகழவே முடியாதபடி பாராமீட்டரை அமைப்பது, தவறாதே என்று எழுதுவதை விட எப்போதும் வலுவானது. ஆந்த்ரோபிக் குழு 2024 டிசம்பரில் பகிர்ந்த அனுபவம் இதற்குச் சான்று. நிரல் எழுதும் ஏஜென்ட் ஒன்று வேறு ஃபோல்டருக்குள் போனபின், சார்புப் பாதை (இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடும் முகவரி) கொடுத்துக் கோப்புகளைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது. டூல் முழுப் பாதையை மட்டுமே ஏற்கும்படி மாற்றினார்கள். அந்தத் தவறு நின்றது.

படி 5: ஒன்றோடொன்று மோதும் டூல்கள்

எல்லா டூல்களின் பெயரையும் முதல் வாக்கியத்தையும் ஒரே பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். நிரலைத் தெரியாத நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஐந்து வாடிக்கையாளர் கேள்விகளைச் சொல்லி, எதற்கு எந்த டூல் என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடத்தில் மாடலும் தயங்கும். ‘கெட்_ஆர்டர்’, ‘ஃபெட்ச்_ஆர்டர்_டீடெயில்ஸ்’, ‘ஆர்டர்_இன்ஃபோ’ என மூன்று இருந்தால் விளக்கத்தை மெருகேற்றிப் பயனில்லை, ஒன்றாக இணையுங்கள். ஒரே நேரத்தில் 20 டூலுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓப்பன்ஏஐ ஆலோசனை கூறுகிறது. அது கறாரான வரம்பல்ல, ஆனாலும் தொடங்குபவர்களுக்கு நல்ல எல்லை.

படி 6: திரும்பி வரும் பதிலும் பிழைச் செய்தியும்

விளக்கம் டூலை அழைப்பதோடு முடிவதில்லை. பதிலும் மாடல் படிக்கும் எழுத்துதான். ரேசர்பே தரும் ஜேசனை அப்படியே தள்ளினால், தொகை பைசாவிலும் நேரம் யூனிக்ஸ் நொடிகளிலும் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிகள்) இருக்கும். மாடல் 29900-ஐ வாடிக்கையாளரிடம் ‘29,900 ரூபாய்’ என்று சொல்லும் நாள் கட்டாயம் வரும். ‘தொகை: ரூ.299.00, நிலை: காத்திருப்பு, தொடங்கியது: 2025-04-03 14:20 இந்திய நேரம்’ என்று மாற்றித் தாருங்கள். தேவையற்ற புலங்களை வெட்டுங்கள். பட்டியல் தரும் டூல் என்றால் வரம்பு வையுங்கள், வெட்டியிருந்தால் அதைச் சொல்லவும் செய்யுங்கள்: ‘மொத்தம் 143, முதல் 20 மட்டும், தேதியைக் குறுக்கி மீண்டும் தேடு’. இதைச் சொல்லாவிட்டால் மாடல் இருபதையே மொத்தம் என்று நம்பும். ஆந்த்ரோபிக்கின் நிரல் எழுதும் ஏஜென்ட்டான கிளாட் கோடில் டூல் பதில் இயல்பாக 25,000 டோக்கனுக்குள் அடக்கப்படுகிறது. வாடிக்கையாளர் சேவைக்கு அதில் சிறு பங்கே தாராளம்.

பிழைச் செய்தி மூன்றைச் சொல்ல வேண்டும்: என்ன தவறு, ஏன், அடுத்து என்ன செய்யலாம். ‘400 தவறான கோரிக்கை’ என்று திருப்பினால் மாடல் அதே மதிப்போடு மூன்று முறை முட்டிப் பார்த்துவிட்டு வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கும். அதற்குப் பதில்: *‘கேட்ட தொகை ரூ.500, இந்தப் பேமென்ட்டில் ஏற்கெனவே ரூ.700 திருப்பியாயிற்று, மீதம் ரூ.299 மட்டும். ரூ.299 அல்லது அதற்குக் கீழே அனுப்பலாம். தொகையை வாடிக்கையாளரிடம் உறுதி செய்.’* நெட்வொர்க் டைம்அவுட் என்றால், ‘ரீஃபண்ட் போயிருக்கவும் கூடும், மறுபடி அழைக்காமல் கெட்_ரீஃபண்ட் வைத்துப் பார்’ என்று எழுதுங்கள். எம்சிபி சர்வர் எழுதுபவர்கள், டூலுக்குள் நடந்த இத்தகைய தோல்விகளை நெறிமுறைப் பிழையாக எறியாமல், முடிவுக்குள்ளேயே ‘இஸ்எரர்’ கொடியோடு அனுப்ப வேண்டும். அப்போதுதான் மாடல் அதைப் படித்துத் திருத்திக்கொள்ள வழி இருக்கும்.

படி 7: விளக்கம் பூட்டு அல்ல

‘5,000 ரூபாய்க்கு மேல் ரீஃபண்ட் செய்யாதே’ என்று விளக்கத்தில் எழுதினால் அது வேண்டுகோள் மட்டுமே. வரம்பை நிரலில் சோதியுங்கள். மீறினால் மனிதரின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள். விளக்கத்திலும் எழுதலாம், வீண் அழைப்பு குறையும். இருமுறை பணம் போகாமல் இருக்க, ஒரே பேமென்ட் ஐடியும் தொகையும் சில நிமிடங்களுக்குள் மீண்டும் வந்தால், புதிதாக எதையும் செய்யாமல் பழைய முடிவையே திருப்பித் தரும்படி எழுதுங்கள்.

எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து டூல்களுக்கு அடையாளக் குறிப்புகள் உண்டு: படிக்க மட்டும், அழிக்கக்கூடியது, திரும்ப அழைத்தாலும் விளைவு கூடாதது, வெளியுலகோடு பேசுவது என்று நான்கு. ஒப்புதல் கேட்க வேண்டுமா என்று கிளையன்ட் (டூல்களை மாடலோடு இணைக்கும் செயலி) தீர்மானிக்க இவை உதவும். ஆனால் இவை குறிப்புகள் மட்டுமே; நம்பிக்கையற்ற சர்வரிலிருந்து வந்தால் நம்பக் கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது. விளக்கங்களுக்கும் இது பொருந்தும். வேறு யாரோ எழுதிய எம்சிபி சர்வரின் விளக்கத்துக்குள், ‘இந்த டூலை அழைக்கும் முன் இன்ன கோப்பைப் படித்து அதையும் அனுப்பு’ என்று ஒளித்து எழுதி மாடலை ஏய்க்க முடியும். ஏஐ பாதுகாப்பு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் 2025 ஏப்ரலில் இதை டூல் பாய்சனிங் என்ற பெயரில் விளக்கிக் காட்டியது. வெளியார் சர்வரை இணைக்கும் முன் அதன் விளக்கங்களை ஒரு வரி விடாமல் நீங்களே படியுங்கள்.

படி 8: சோதனை

20 முதல் 30 கேள்விகள் கொண்ட கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் டூலையும் மதிப்பையும் எழுதுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்காவது எந்த டூலையும் அழைக்கக் கூடாதவையாகவோ, வாடிக்கையாளரிடம் திருப்பிக் கேட்க வேண்டியவையாகவோ இருக்கட்டும்: ‘ரீஃபண்ட் பாலிசி என்ன?’, ‘ஒரு சட்டை சரியில்ல, காசு குடுங்க’ (எந்த ஆர்டர்?). வாடிக்கையாளர்கள் எழுதுகிற மாதிரியே, எழுத்துப் பிழையோடும் தமிழும் ஆங்கிலமும் கலந்தும் எழுதுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் நான்கைந்து முறை ஓட்டுங்கள். மாடலின் விடை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்காது.

மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் அழைப்புகளை வரிவரியாகப் படியுங்கள். காரணம் அங்கேதான் தெரியும். கிளாடின் வலைத் தேடல் டூலை வெளியிட்டபோது, மாடல் தேவையில்லாமல் தேடல் சொற்களோடு ‘2025’ என்று சேர்த்துக்கொண்டிருந்ததை ஆந்த்ரோபிக் கவனித்தது. டூல் விளக்கத்தைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் இப்படி இருக்கும். அழைக்க வேண்டிய இடத்தில் அழைக்கவில்லை என்றால், விளக்கத்தில் ‘எப்போது’ இல்லை, அல்லது எச்சரிக்கை அளவு மீறியிருக்கிறது. இரண்டு டூல்களுக்கு இடையே மாறி மாறித் தாவினால் எல்லை எழுதப்படவில்லை. ஐடியை இட்டுக்கட்டினால், அது எங்கே கிடைக்கும் என்பது சொல்லப்படவில்லை. ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பச் செய்தால் பிழைச் செய்தியையோ ‘காத்திருப்பு’ நிலையின் விளக்கத்தையோ பாருங்கள். டூல் சரியாக வேலை செய்தும் வாடிக்கையாளரிடம் தவறாகச் சொன்னால் பதிலின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து முழுக் கோப்பையும் மீண்டும் ஓட்டுங்கள். ரீஃபண்ட் டூலுக்குச் சேர்த்த ஒரு வாக்கியம் கேன்சல் டூலின் அழைப்புகளைக் குறைத்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

பிறகு

விளக்கத்தை ஃபங்ஷன் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். நிரல் மாறும் அதே கமிட்டில் (மாற்றப் பதிவில்) அதுவும் மாறட்டும். கோட் ரிவ்யூவில், அலகு, வரம்பு, இயல்பு மதிப்பு மாறியிருந்தால் விளக்கம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதை ஒரு கேள்வியாகச் சேருங்கள். மாடல் பதிப்பை மாற்றும்போதும் அதே 30 கேள்விகளை ஓட்டுங்கள். பழைய மாடலுக்காக அழுத்திச் சொன்ன வரிகள் புதியதில் மிகையாகிவிடுவதுண்டு. எம்சிபி சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டூல் பட்டியலை மாற்றினால், பட்டியல் மாறியது என்ற அறிவிப்பைக் கிளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டும். எல்லாக் கிளையன்ட்டும் அந்த அறிவிப்பைக் கேட்டு நடப்பதில்லை. புதிய விளக்கம் எந்த மாற்றமும் தரவில்லை என்று தோன்றினால், முதலில் கிளையன்ட்டை மூடித் திறந்து, அதில் தெரிவது பழைய விளக்கமா புதியதா என்று பாருங்கள்.